விலகும் நாளின் விலை

2025 ஜூலை 6 அன்று நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் இறுதி ஆட்டம் நடந்தது. சொந்த மண்ணில் ஆடிய திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு அது கசப்பான இரவு. திருப்பூர் தமிழன்ஸ் 220 ரன் குவித்தது; திண்டுக்கல் 102 ரன்னில் சுருண்டது. தோற்ற அணியின் கேப்டன் ரவிச்சந்திரன் அஸ்வின். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் சேப்பாக்கத்தில் கோவை கிங்ஸை வீழ்த்தி, இந்த ஊருக்கு முதல் கோப்பையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த இறுதி ஆட்டத்தில் மட்டையைப் பிடித்து 52 ரன் எடுத்துக் கரைசேர்த்தார். சுழற்பந்து வீச்சாளராக உலகம் அறிந்தவரை நத்தம் சாலையில் இருப்பவர்கள் பேட்ஸ்மேனாகவும் கொண்டாடியது அப்படித்தான்.

நத்தம் ஆட்டம் முடிந்து 52 நாள் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று, ஐபிஎல் ஆட்டத்திலிருந்து விலகுவதாக அஸ்வின் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 38; அடுத்த மாதம் 39. அதற்கு எட்டு மாதம் முன்பு, 2024 டிசம்பர் 18 அன்று, பிரிஸ்பேனில் தொடரின் நடுவிலேயே சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகியிருந்தார். 106 டெஸ்ட், 537 விக்கெட். இந்தியர்களில் அனில் கும்ப்ளேயின் 619 மட்டுமே அதற்கு மேல்.

பத்திரிகைகள் விக்கெட்டுகளைக் கணக்கெடுத்தன. நான் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு கணக்கை. சென்னை சூப்பர் கிங்ஸ் அவருக்கு ஒதுக்கியிருந்த 9.75 கோடி ரூபாய் என்ன ஆயிற்று? பழுத்த ஆட்டக்காரர் ஒருவர் போவதா இருப்பதா என்று யோசிக்கும்போது, அணியின் சம்பள உச்சவரம்பு எப்படி இறுகுகிறது, எப்படித் தளர்கிறது? யாருக்கு அதில் இடம் கிடைக்கிறது? விளையாட்டுக்கு விளையாட்டு, நாட்டுக்கு நாடு இதன் விதி மாறுகிறது. விதி மாறினால் விலகலின் பொருளே மாறுகிறது.

முதலில் உச்சவரம்பு என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் எடுக்கும் வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மடியில் இருக்கும் பணம் அன்றைக்கு அவ்வளவுதான். தக்காளிக்குக் கூடுதலாக விட்டால் முருங்கைக்குக் குறையும். பணக்கார வியாபாரியானாலும் மற்றவர் மடியில் இருக்கும் அதே தொகைதான் உன் மடியிலும் இருக்க வேண்டும் என்று சந்தையே கட்டளையிட்டால், அதுதான் சம்பள உச்சவரம்பு. ஐபிஎல் தொடங்கிய 2008இல் ஓர் அணிக்கு 50 லட்சம் டாலர். 2014இல் 60 கோடி ரூபாய், 2018இல் 80 கோடி, 2022இல் 90 கோடி, 2025இல் 120 கோடி. இது ஏலத்துக்கான கையிருப்பு. ஆட்டத்துக்கு 7.5 லட்சம் வீதம் தரும் ஆட்டக்கட்டணமும் மற்றவையும் சேர்ந்தால் 2025இல் மொத்த வரம்பு 146 கோடி. முதலாளி எத்தனை பெரிய சிமெண்ட் ஆலை வைத்திருந்தாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்க முடியாது. ஆகவே ஒருவர் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் அதே அணியின் இன்னொருவருக்குக் கிடைக்காத ரூபாய்.

இந்த ஏற்பாட்டை மிக விரிவாக வளர்த்தெடுத்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய ஃபுட்பால் லீக்கில் 1994இல் ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர் என்று தொடங்கிய வரம்பு, 2025இல் 27.92 கோடி டாலர். அந்த ஆட்டத்தில் லைன்மேன் என்றொரு வேலை உண்டு. முன்வரிசையில் நின்று, மோதி, எதிரியைத் தள்ளி, பின்னால் பந்தோடு நிற்பவனைக் காப்பது. நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் தள்ளிக் கொடுப்பதோடு சரி. மற்றவர்கள் ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே போகலாம். பெயர் வெளியே தெரியாது; தோளும் முழங்காலும் முதலில் தேய்வது அவர்களுக்குத்தான்.

அங்கே அனுபவசாலி ஒருவர் விலகினால் வரும் சிக்கல் நம் ஊர் ஏலச்சீட்டை அறிந்தவர்களுக்கு உடனே புரியும். இரண்டாவது மாதமே சீட்டை எடுத்துச் செலவழித்துவிட்ட ஒருவர் ஊரைவிட்டுப் போய்விடுகிறார். மீதித் தவணை நிற்காது. பிணை நின்றவர் தலையில் ஏறும். அமெரிக்க அணி ஒப்பந்தம் போடும் அன்றே வீரருக்குப் பெரிய போனஸைக் கொடுத்துவிடும். ஆனால் சம்பளக் கணக்கில் அதை அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்குப் பிரித்துப் பிரித்து எழுதலாம். உதாரணத்துக்கு, 25 லட்சம் டாலர் போனஸ் என்றால் ஆண்டுக்கு 5 லட்சம். மூன்றாம் ஆண்டு முடிவில் அவர் விலகினால் எழுதாமல் விட்ட 10 லட்சம் ஒரே ஆண்டின் கணக்கில் மொத்தமாக வந்து விழும். ஆடாதவருக்காக வரம்பில் இடம் போகிறது. அவர்கள் அதை டெட் மணி என்கிறார்கள், செத்த பணம். ஜூன் 1க்குப் பிறகு விலகல் பதிவானால் மட்டும் அந்தச் சுமையை இரண்டு ஆண்டுக்குப் பகிரலாம்.

ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் நடு லைன்மேன் ஜேசன் கெல்சி 13 பருவம் ஒரே அணிக்கு ஆடிவிட்டு, 2024 மார்ச் 4 அன்று 36 வயதில் விலகினார். அவருடைய பாக்கி 2024, 2025 இரண்டு ஆண்டுக் கணக்கிலும் ஏறியது. ஆனாலும் அந்த அணி தடுமாறவில்லை. 2025 பிப்ரவரியில் கோப்பையையே வென்றது. காரணம், 2022லேயே கேம் ஜர்கென்ஸ் என்ற இளைஞரை எடுத்துவைத்திருந்தார்கள். அவரைத் தேர்ந்தெடுக்கும்போது கெல்சியிடமே கருத்துக் கேட்டார்கள். தன் இடத்துக்கு வரப்போகிறவனைத் தானே பார்த்துச் சொன்ன மனிதர் அவர். பணத்தின் சுமையை முன்கூட்டிய ஏற்பாடு தாங்கிக்கொண்டது. இந்த விஷயத்தில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்த உதாரணம் இது.

நம் நாட்டு விதி இதற்கு நேர்மாறு. ஐபிஎல்லில் விலகுகிறவர் பாக்கி எதையும் வைத்துவிட்டுப் போவதில்லை. அவருக்கான விலை அப்படியே அணியின் கையிருப்புக்குத் திரும்பும். அதனால் இங்கே எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிய கேள்வி. ஆண்டுதோறும் அணிகள் தக்கவைப்புப் பட்டியலைத் தரும் நாளுக்கு முன்பே ஒருவர் விலகினால், அந்தப் பணம் ஏலத்துக்குள் போகும். ஏலம் முடிந்த மறுவாரம் விலகினால் அதே பணத்தால் யாருக்கும் பயனில்லை. விலைபோகாமல் மிஞ்சியவர்களில்தான் தேட வேண்டும். ஏலத்தில் எடுக்கப்பட்டபின் காயம் இல்லாமல் ஒதுங்குகிறவருக்கு இரண்டு ஆண்டுத் தடை என்று 2025 பருவத்துக்கு விதி வந்ததும் இதனால்தான். டெல்லி 6.25 கோடிக்கு எடுத்த இங்கிலாந்து வீரர் ஹேரி புரூக் அந்தத் தடைக்கு ஆளானார்.

அஸ்வினின் கணக்கை இப்படி வைத்துப் பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் ஜெத்தாவில் நடந்த ஏலத்தில் சென்னை அவரை 9.75 கோடிக்கு எடுத்தது. 120 கோடியில் எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல். 2025 பருவத்தில் 9 ஆட்டம், 7 விக்கெட். அணி வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது. அவர் காத்திருந்து, அணி தன்னை விடுவிக்கட்டும் என்று இருந்திருக்கலாம். அது எந்த வீரருக்கும் உள்ள உரிமை. ஆனால் ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார். பட்டியல் தரும் நாள் நவம்பர் 15. இரண்டரை மாதத்துக்கும் மேல் அணிக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்துக்குச் சென்னை 43.40 கோடியோடு போனது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அஸ்வின் விட்டுச்சென்ற இடம். அந்த ஏலத்தில் பிரசாந்த் வீர் என்ற 20 வயது இடக்கைச் சுழலரையும், கார்த்திக் சர்மா என்ற 19 வயது விக்கெட் கீப்பரையும் தலா 14.20 கோடிக்கு எடுத்தார்கள். இந்தியாவுக்கு ஆடாத இளைஞர்களுக்கு அதுவரை யாரும் தராத விலை. சொல்ல வேண்டிய நேரத்தில் பெரியவர் ஒருவர் சொன்னதால் திறந்த வாசல் அது.

இனி எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். மகேந்திர சிங் தோனி எப்போது விலகுவார்? ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் கடைசி ஆட்டம் முடிந்ததும் திண்டுக்கல் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடை வரை இந்தப் பேச்சுதான். அவர் விலையின் வரலாறு, உச்சவரம்பைப் புரிந்துகொள்ள மிகச் சிறந்த பாடம். 2008இல் 15 லட்சம் டாலர். அணியின் மொத்தக் கையிருப்பில் 30 சதவீதம். 2011இல் 18 லட்சம் டாலர், 20 சதவீதம். 2014இல் 12.5 கோடி ரூபாய்; கிட்டத்தட்ட 21 சதவீதம். 2018இல் 15 கோடி. 19 சதவீதத்தை ஒட்டி. 2022இல் ஜடேஜாவுக்கு 16 கோடி என்று முதலிடத்தை விட்டுக்கொடுத்து, தான் 12 கோடிக்கு இறங்கினார், 13 சதவீதம். 2025இல் 4 கோடி. மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல்.

கடைசிச் சரிவுக்குக் காரணம் ஒரு விதி. ஐந்து காலண்டர் ஆண்டாகச் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை, நாட்டுக்கே ஆடாதவரைப் போல 4 கோடிக்குத் தக்கவைக்கலாம். தொடக்கத்தில் இருந்து, 2021இல் நீக்கப்பட்டு, 2024இல் திரும்பக் கொண்டுவரப்பட்ட விதி. தோனி கடைசியாக இந்தியாவுக்கு ஆடியது 2019 ஜூலை, மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி. ஆகவே பொருந்தினார். ருதுராஜுக்கும் ஜடேஜாவுக்கும் தலா 18, பதிரனாவுக்கு 13, துபேக்கு 12, தோனிக்கு 4 என்று 65 கோடி போக, 55 கோடியோடு சென்னை ஏலத்துக்குப் போனது. இது தோனிக்காகவே வளைத்த விதி என்று சொல்பவர்கள் உண்டு. அதே விதியில்தான் ராஜஸ்தான் சந்தீப் சர்மாவையும் 4 கோடிக்கு வைத்துக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பணத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் தோனி விலகினாலும் இருந்தாலும் பெரிய மாற்றமில்லை. நான்கு கோடியை வைத்துக்கொண்டு முதல் தரமான ஆட்டக்காரரை ஏலத்தில் வாங்குவது கடினம். ‘அவரால் அணிக்கு என்ன நஷ்டம்’ என்று வாதாடும் ரசிகர்கள் இந்த இடத்தில் வெல்கிறார்கள். ஆனால் உச்சவரம்பு பணத்துக்கு மட்டும் இல்லை. ஓர் அணியில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, களத்தில் பதினொருவர். 2025 மார்ச் 28 அன்று பெங்களூருக்கு எதிராக அவர் ஒன்பதாவது ஆளாக மட்டையோடு வந்தார். அவருடைய முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் நின்று ஆட முடியாது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங் வெளிப்படையாகவே சொன்னார். கையிருப்பில் மூன்று சதவீதத்தை எடுத்துக்கொள்பவர் களத்தில் பதினொன்றில் ஒரு பங்கை, அதாவது ஒன்பது சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார். இரண்டாம் கணக்கைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். தோனியை நேசிப்பவன்தான் நானும். 2026க்கும் அதே 4 கோடிக்கு அணி அவரை வைத்துக்கொண்டபோது, அடுத்த விக்கெட் கீப்பருக்காக ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியிருந்தது. ஜர்கென்ஸை முன்கூட்டியே எடுத்துவைத்த ஈகிள்ஸ் செய்ததும் இதுதான். ஆனால் சென்னை அதைச் செய்தபோது தோனிக்கு வயது 44.

விட்டுக்கொடுத்தவர்களில் அதிகம் பேசப்படாதவர் வி.வி.எஸ். லக்ஷ்மண். 2008இல் ஐகான் வீரர் என்று சிலரை அந்தந்த ஊருக்கே ஒதுக்கினார்கள். அணியில் அதிக விலைக்குப் போனவரைவிட ஐகானுக்கு 15 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். தோனிக்கு மும்பை 15 லட்சம் டாலருக்கு மேல் விலை ஏற்ற முடியாமல் போனதற்கும், ஐகான் இல்லாத சென்னைக்கு அவர் கிடைத்ததற்கும் இந்தக் கணக்கே காரணம். தோனியை எடுத்திருந்தால், மும்பையின் ஐகானான சச்சினோடு சேர்த்துக் கையிருப்பில் 60 சதவீதத்துக்கு மேல் இருவருக்கே போயிருக்கும். ஹைதராபாத்தின் ஐகானாக இருக்கக்கூடிய லக்ஷ்மண், அணி நல்ல வீரர்களை வாங்கட்டும் என்று அந்தத் தகுதியையே வேண்டாம் என்றார்.

லைன்மேனுக்கு நம் மண்ணில் ஒப்பானவர் யார் என்று தேடினால் கிரிக்கெட்டில் கிடைக்கமாட்டார். கபடியில் கிடைப்பார். பாடிப் போகிறவனுக்குக் கைதட்டல். மூலையில் நின்று கணுக்காலைப் பிடிப்பவனுக்குத் தேய்ந்த முழங்கால். திண்டுக்கல் சமவெளியில் கோயில் திருவிழாவையொட்டி விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் கபடியைப் பார்த்தவர்களுக்கு, ஆட்டத்தை நிறுத்திவைப்பது மூலைப் பிடிக்காரர்தான் என்று தெரியும். அவர்களில் முதன்மையானவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன். 1975இல் பிறந்தவர். புரோ கபடியில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’. 2016இல் 41 வயதில் பாட்னா பைரேட்ஸின் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார்.

2018 ஏலத்தில் அணிக்கு 4 கோடி வரம்பு. யு மும்பா அவரை 46 லட்சத்துக்கு எடுத்தது. வயது 43, கையிருப்பில் 11.5 சதவீதம். எதிர் மூலைக்கு ஈரானின் ஃபாசல் அத்ராச்சலியை ஒரு கோடிக்கு வைத்திருந்தார்கள். அந்த லீக்கில் ஒரு கோடியைத் தொட்ட முதல் வீரர் பாடுபவர் இல்லை, பிடிப்பவர் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி. இரு மூலைக்கும் சேர்த்து ஓர் அணி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவழித்தது. அடுத்த ஆண்டு வரம்பு 4.4 கோடியானது, ஹரியானா 38.5 லட்சத்துக்குச் சேரலாதனை எடுத்துக் கேப்டன் ஆக்கியது. பங்கு எட்டே முக்கால் சதவீதம். தோனியின் கோடு பதினேழு ஆண்டில் இறங்கியதைப் போல இவருடையதும் இறங்கியது. ஆனால் இவருக்கு விதி எதுவும் கைகொடுக்கவில்லை. ஒவ்வோர் ஏலத்திலும் பொது மேடையில் பெயர் வாசிக்கப்பட்டு, யாராவது அட்டையைத் தூக்குவார்களா என்று காத்திருந்துதான் அவர் வயதை வென்றார்.

கபடி காட்டும் எதிர்ப்பக்கமும் உண்டு. 2022இல் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்துக்கு 2.26 கோடி கொடுத்தது, 4.4 கோடியில் பாதிக்கு மேல். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவமே அவருக்கு முடிந்தது. அனுபவசாலிக்குப் பெரும்பங்கைக் கொடுப்பதில் உள்ள ஆபத்தைப் பேசுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்: செராவத் அன்று உடல் உரத்தின் உச்சத்தில் இருந்த இளைஞர். உடைவதற்கு வயது தேவையில்லை.

இனி நத்தத்துக்குத் திரும்புவோம். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியது. ஏலம் வந்தது 2023 பிப்ரவரியில், மாமல்லபுரத்தில். ஓர் அணிக்குக் கையிருப்பு 70 லட்சம். 2025இல் ஐபிஎல் அணிக்கு இருந்த 120 கோடி இதைப் போல 171 மடங்கு. சென்னை அஸ்வினுக்கு ஒதுக்கிய 9.75 கோடியில் இப்படிப்பட்ட 13 அணிகளை வாங்கி மீதியும் வைத்திருக்கலாம். இங்கே கடைசிப் பிரிவு வீரரின் அடிப்படை விலை ஒன்றரை லட்சம். அந்த ஏலத்தில் உச்ச விலை சாய் சுதர்சனுக்கு, கோவை 21.6 லட்சம் கொடுத்தது. அப்போது ஐபிஎல்லில் குஜராத் அவருக்குத் தந்துகொண்டிருந்தது 20 லட்சம். ஊர் லீக் பெரிய லீக்கைவிடக் கூடுதலாக மதித்த அபூர்வ நேரம் அது. இரண்டு ஆண்டில் குஜராத் அவரை 8.5 கோடிக்குத் தக்கவைத்தது. 2025இல் 759 ரன் எடுத்து அந்தப் பருவத்தின் முதல் பேட்ஸ்மேன் ஆனார்.

இந்த அளவுக்குள் அஸ்வின் போன்றவரை வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இங்கே அவர் வருவது பணத்துக்காக இருக்க முடியாது. திண்டுக்கல் அணியில் அவர் ஆடாத நாளில் கையிருப்புக்கு நேரும் மாற்றம் சிறியது. களத்தில் நேருவது பெரியது. 2025 ஜூலை 2 அன்று நத்தத்தில் திருச்சி அணியை வெளியேற்றிய ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரராக 83 ரன் எடுத்து, மூன்று விக்கெட்டும் வீழ்த்தினார். அந்த இரவில் எதிர்முனையில் நின்றவர்களும், அவர் பந்துக்குக் கால் நகர்த்தத் தெரியாமல் தவித்த திருச்சிப் பையன்களும் பெற்ற படிப்பை எந்த ஏலத்திலும் வாங்க முடியாது. ஆகவே பெரியவர்கள் எல்லோரும் ஒதுங்கி இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்ற பொதுவான வாதத்தை நான் ஏற்கவில்லை. 120 கோடி லீக்கில் விலகுவது கடமையாக இருக்கும் அதே ஆண்டில், 70 லட்சம் லீக்கில் இருப்பது கடமையாக இருக்கலாம். இரண்டையும் ஒரே ஆண்டில் செய்துகாட்டியவர் அஸ்வின்.

விலகலுக்கு இந்தியாவில் இன்னொரு பொருளும் உண்டு. இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் விதிப்படி, ஆடிக்கொண்டிருக்கும் இந்திய வீரர் வெளிநாட்டு லீக்கில் ஆட முடியாது. அதனால் ஐபிஎல்லை விட்டால்தான் அந்தக் கதவு திறக்கும். அஸ்வின் தட்டிப் பார்த்தார். ஐக்கிய அரபு அமீரக லீக்கின் ஏலத்தில் 1,20,000 டாலர் அடிப்படை விலைக்கு யாரும் கேட்கவில்லை. சிட்னி தண்டர் அணியோடு ஒப்பந்தம் ஆகி, முழங்கால் காயத்தால் போக முடியாமல் போனது. இத்தனை பெரியவருக்கே வெளியே நிலை இதுவென்றால், நான்கு பருவம் ரஞ்சி ஆடிவிட்டு முப்பத்திரண்டு வயதில் ஒதுங்கும் பையனுக்கு என்ன இருக்கிறது? முன்னாள் முதல்தர வீரர்களுக்கு வாரியம் தரும் ஓய்வூதியம் 2022இல் 15,000 ரூபாயிலிருந்து 30,000 ஆனது. எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆடியிருக்க வேண்டும். ‘போக வேண்டிய நேரத்தில் போகவில்லை’ என்று நாம் ஒருவரைக் குறைகூறும்போது, போனால் எங்கே போவார் என்பதையும் கேட்பதுதான் நியாயம். தோனிக்கு அந்தக் கவலை இல்லை. அவரைத் தவிர ஏறத்தாழ எல்லோருக்கும் உண்டு.

என் தரப்பை இங்கே வைத்துவிடுகிறேன். அமெரிக்கர்களைப் போலப் போனஸைப் பிரித்தெழுதும் முறை நமக்கு வேண்டாம். விலகுகிறவர் பின்னால் கடன் நிற்காதது நம் ஏற்பாட்டின் நல்ல குணம். ஐந்தாண்டு விதியும் இருக்கட்டும். அது பெரியவரை மலிவாக்குகிறது, விரட்டவில்லை. ஆனால் முப்பத்தைந்து வயதைக் கடந்த ஒப்பந்த வீரர் அடுத்த பருவம் ஆடுவாரா என்பதைத் தக்கவைப்புப் பட்டியலுக்கு ஒரு மாதம் முன்பே அணிக்கு எழுத்தில் தர வேண்டும் என்று விதி வர வேண்டும். ‘உடல் ஒத்துழைத்தால் பார்ப்போம்’ என்ற பதில் ரசிகருக்குப் போதும். ஒரு விக்கெட் கீப்பரின் ஒரு வருடத்தைக் கையில் வைத்திருக்கும் அணிக்குப் போதாது. அஸ்வின் விதி எதுவும் கேட்காமலே ஆகஸ்டில் சொன்னார். எல்லோரும் அஸ்வினாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதால்தான் விதி தேவைப்படுகிறது.

பட்டியல் தரும் நவம்பர் நடுவில் திண்டுக்கல் பக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலம். சிறுமலை மேல் மேகம் இறங்கி நிற்கும். நத்தம் மைதானத்தில் ஆடுகளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பார்கள். பயிற்சிக்கு வந்து திரும்பிப் போகும் பையன்களில் யாரோ ஒருவர் ஐபிஎல் ஏலத்துக்கு முப்பது லட்சம் அடிப்படை விலையில் பெயர் கொடுத்துவிட்டு, எந்த அணியில் எத்தனை இடம் காலி என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பார்.